பால், கதிர், தேன், உலை: நீலகிரியில் வயிறு வளர்த்த நான்கு வழிகள்

மானுடவியல் வகுப்பில் முதலில் ஒரு படிக்கட்டு வரைந்து காட்டுவார்கள். கீழ்ப்படியில் வேட்டையும் சேகரிப்பும். அடுத்த படியில் கால்நடை மேய்ச்சல், அதற்கு மேலே காட்டை வெட்டிச் சுட்டுப் புனம் போடுவது, அப்புறம் ஏர், உச்சியில் ஆலையும் சந்தையும். மனித இனம் இப்படி ஒவ்வொரு படியாக ஏறி வந்தது என்பது கதை. இந்தப் படத்தை நான் முழுதாக நம்பியதே இல்லை. நம்பவிடாமல் செய்தது நீலகிரி.

உதகையைச் சுற்றியுள்ள மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். அங்கே தோடர்கள் எருமை மேய்த்தார்கள். படுகர்கள் ஏர் பூட்டினார்கள். கோத்தர்கள் இரும்பு அடித்தார்கள், பானை வனைந்தார்கள். கிழக்குச் சரிவின் காடுகளில் குறும்பர்கள் கிழங்கு தோண்டினார்கள், தேன் எடுத்தார்கள், சிறு புனம் போட்டார்கள். ஒரு நாள் நடைத் தொலைவுக்குள், ஒரே காலத்தில் இத்தனையும் நடந்தது. யாரும் யாருக்கும் மேல்படி என்று சொல்ல முடியாது. ஒருவர் விளைவித்ததை இன்னொருவர் சாப்பிட்டார். ஒப்பிட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மேட்டுநிலத்தில் இருந்த மூவருக்கும் மண், மழை, பனி எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான், வழிகள் மட்டும் வேறு.

நான் எடுத்துக்கொள்ளும் காலம், கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறுவதற்குச் சற்று முன்னிருந்து அடுத்த நூறு நூற்றிருபது ஆண்டுகள். தோடர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி 1901-02-இல் அங்கே தங்கிய ஆங்கில மானுடவியலாளர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் எழுதிவைத்தது. கோத்தர்களைப் பற்றி, 1930-களில் அங்கே போன அமெரிக்க மானுடவியலாளர் டேவிட் மேண்டல்பாம் விரிவாக எழுதினார். அதற்கு முந்தைய வெள்ளைக்காரர் பதிவுகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். தோடர்களைப் பார்த்ததும் அவர்களுக்கு ஒரு மயக்கம். ரோமாபுரியிலிருந்து வந்தவர்கள், காணாமல்போன யூதக் குலம் என்றெல்லாம் எழுதித் தள்ளினார்கள். அதே ஆட்கள் கோத்தர்களைப் பற்றி எழுதும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

எருமையா, ஏரா?

முதலில் எருமை. தோடர்களின் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். பாதிப் பீப்பாயைக் கவிழ்த்த வடிவில் மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு கட்டிய சில வீடுகள், தள்ளி ஒரு பால்மனை, ஒரு தொழுவம். இவ்வளவுதான் ஊர். பால்மனை என்பது வெறும் பால் கடையும் இடமில்லை, அதுதான் கோயிலும். வாசல் அவ்வளவு சிறியது, தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். பால் கறப்பது, உறையூற்றுவது, கடைவது, வெண்ணெயை உருக்கி நெய்யாக்குவது எல்லாம் ஆண்கள் வேலை, அதிலும் புனிதமான மந்தைகளின் பாலைத் தொட அதற்கென்று விரதம் பூண்ட பூசாரி வேண்டும். பெண்களுக்கு இந்த வேலையில் இடமே இல்லை. கடைந்த மோரும் பாலும் தினசரி உணவு. தானியத்தைப் பாலிலோ மோரிலோ வேகவைத்து நெய் ஊற்றிச் சாப்பிட்டார்கள். இறைச்சி வழக்கமான உணவாக இல்லை. எருமைக் கூட்டத்தையே சொத்தாக வைத்திருந்தவர்கள் அதன் கறியைத் தின்னாமல் இருந்தது, உலகின் மற்ற மேய்ச்சல் சமூகங்களோடு ஒப்பிட்டால் விசித்திரம்தான்.

டிசம்பர், ஜனவரியில் உதகையில் உறைபனி விழும். அதற்குப் பின்னால் வறட்சி வந்து புல் கருகும். அந்த மாதங்களில் மந்தையை ஓட்டிக்கொண்டு பசுமை மிச்சமிருக்கும் வேறு மந்துக்குப் போய்விடுவார்கள். மழை வந்ததும் திரும்புவார்கள்.

இப்போது ஏர். படுகர்கள் வடக்கே மைசூர்ப் பக்கத்திலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் மலையேறியவர்கள். அவர்கள் மொழி கன்னடத்துக்கு நெருக்கமானது, ஊரை ஹட்டி என்பார்கள். ராகி, சாமை, தினை, பார்லி என்று விதைத்தார்கள். நிலம் மெலிந்தால் சில ஆண்டு தரிசாக விட்டு வேறு துண்டை உழுதார்கள். எருமையும் மாடும் அவர்களிடமும் உண்டு, ஆனால் வயிற்றுக்கு ஆதாரம் தானியம்.

இரண்டையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோடர் எருமை அதிகம் கறக்கும் இனமல்ல. ஒரு ஈற்றுக்கு 500 லிட்டர் அளவில்தான் பால். ஆனால் கொழுப்பு 8 விழுக்காடு, அதாவது குழம்பு மாதிரி கெட்டிப் பால். அந்த 500 லிட்டரில் ஒரு ஆளுக்கு எட்டு ஒன்பது மாதத்துக்கான சக்தி இருக்கிறது. உரமில்லாத மலைநிலத்தில் ஒரு ஏக்கரில் 200 கிலோ சாமை என்று வையுங்கள். உமி போக மிஞ்சும் அரிசியும் ஒரு ஆளுக்கு ஏறக்குறைய எட்டு மாதச் சோறு. ஆக ஒரு எருமையும் ஒரு ஏக்கர் சாமையும் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல. இது என் உத்தேசக் கணக்கு, நூற்றுக்கு இருபது முன்னே பின்னே இருக்கலாம்.

வித்தியாசம் எங்கே வருகிறதென்றால், எருமைக்கு ஒரு ஏக்கர் புல் பத்தாது. ஆண்டு முழுக்க மேய, பனிக்காலத்தில் வேறிடம் போக, கன்றும் கிடாவும் சினையில்லாத எருமையும் சேர்ந்து மேயப் பல ஏக்கர் வேண்டும். அதனால்தான் 1901 மக்கள்தொகைக் கணக்கில் தோடர்கள் 807 பேர், படுகர்கள் 34,178 பேர். ஒரு தோடருக்கு 42 படுகர். படுகர்களின் எண்ணிக்கையில் ஒரு பங்கு வெள்ளைக்காரர் காலத்துச் சந்தையால் கூடியது என்றாலும், புல்லைப் பாலாக்கி மனிதனுக்குக் கொடுப்பதும் நிலத்தைக் கதிராக்கி நேராகக் கொடுப்பதும் எத்தனை பேரைத் தாங்கும் என்பதில் இவ்வளவு தூரம் இருக்கிறது.

உழைப்பைப் பார்த்தால் தராசு மறுபக்கம் சாயும். எருமை தானே மேயும். கறப்பதும் கடைவதும் காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை. மற்ற நேரம் தோடர் ஆண்களுக்கு நிறைய ஓய்வு என்று போய்ப் பார்த்தவர்கள் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். படுகர் வயலிலோ உழவு, விதைப்பு, களை, காட்டுப்பன்றிக்குக் காவல், அறுப்பு, போரடிப்பு, புடைப்பு என்று வேலை ஓயாது. அதிலும் ஏரை ஆண்கள் பிடித்தாலும், களையெடுப்பு தொடங்கி வயலின் நீண்ட நாட்கள் பெண்களின் முதுகில்தான் கழிந்தன. தோடப் பெண்களைப் பால்மனைக்குள் விடவில்லை என்பது அவமதிப்புதான். ஆனாலும் ஓய்வு என்று பார்த்தால் அவர்களுக்குத்தான் அதிகம். போர்வையில் கறுப்பும் சிவப்புமாக அவர்கள் போட்ட பூவேலை அந்த ஓய்வில் வளர்ந்த கலை என்றே நினைக்கிறேன். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

சரி, அப்படியானால் தோடர் வழிதான் சுகமான வழி என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்படக் கூடாது. பாலில் வேகவைத்த அந்தத் தானியம் எங்கிருந்து வந்தது? அறுவடை முடிந்ததும் படுகர் வீடுகளிலிருந்து தோடர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு பங்கு போனது. தோடர்கள் அதை, மலை எங்களுடையது, எங்கள் புல்வெளியில் நீங்கள் உழுகிறீர்கள், அதற்கு வாரம், அதாவது விளைச்சலில் நிலக்காரர் பங்கு என்று சொன்னார்கள். படுகர்களோ மரியாதைக்குக் கொடுக்கிறோம் என்றார்கள். கொடுக்காவிட்டால் ஏதாவது கெடுதல் வருமோ என்ற பயமும் இருந்தது. வெள்ளை அதிகாரிகளுக்குள்ளேயே இதில் சண்டை. நிலம் தோடர்களுடையது என்று சல்லிவன் வாதாடினார், சென்னை கவர்னர் லஷிங்டன் மறுத்தார். தோடர் ஓய்வின் பின்னால் ஒரு படுகர் ஏர் நின்றிருந்தது. பாலை மட்டும் நம்பியிருந்தால் தலைக்கு இரண்டு கறவையாவது வேண்டும், அதுவும் எல்லா மாதமும் கறக்காது.

காடு

குறும்பர் வழியைப் பற்றிப் பேசும்போது ‘பாவம், காட்டில் அலைந்து கிடைத்ததைத் தின்றார்கள்’ என்ற தொனி தானாக வந்துவிடுகிறது. அது பாதிதான் சரி. ஆலுக் குறும்பர்களும் பாலுக் குறும்பர்களும் மேட்டுநிலத்துக்குக் கீழே, சரிவுக் காடுகளில் இருந்தார்கள். ஒரு துண்டுக் காட்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, சாம்பலில் ராகி, சாமை, தினை, கீரை, பூசணி என்று கலந்து தூவிவிடுவார்கள். ஏர் கிடையாது, குத்துக்கோலும் சிறு கொத்தும் போதும். ஓரிரு ஆண்டில் அடுத்த துண்டு. புனம் பொய்த்தால் காட்டுக்கிழங்கு. அதுவும் இல்லாத வாரத்தில் கொட்டை, பழம், கீரை, மீன், வலையில் சிக்கும் சிறு விலங்கு. நால்வரில் இவர்கள் தட்டில்தான் வகை அதிகம்.

தேன் எடுப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மலைத்தேனீ பாறை முகட்டுக்கு அடியில், கை எட்டாத இடத்தில் பெரிய அடை கட்டும். உச்சியில் ஒரு மரத்தில் காட்டுக்கொடியை முறுக்கிச் செய்த ஏணியைக் கட்டி, பாதாளத்துக்கு மேலே தொங்கவிடுவார்கள். பச்சிலையை மூட்டிப் புகை போட்டதும் ஈ விலகும். தொங்குபவன் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறுகையில் நீளக் கழியால் அடையை அறுத்து, கூடையில் தாங்குவான். மேலே கொடி கட்டிய இடத்தில் ஒருவன் காவல் இருப்பான். அந்தக் காவல் பெரும்பாலும் மனைவியின் அண்ணனுக்கோ தம்பிக்கோ உரியது. சொந்தச் சகோதரனைக்கூட நம்ப மாட்டார்கள், மச்சானை நம்புவார்கள். கூடப்பிறந்தவளின் தாலியை அறுக்க அவன் துணிய மாட்டான் என்பது கணக்கு. ஒரு வேளை உணவுக்கான ஏற்பாட்டில் உறவுமுறை எவ்வளவு ஆழமாகப் பின்னிக்கிடக்கிறது பாருங்கள்.

இந்தத் தேனும் மெழுகும் மூங்கில் கூடையும் மூலிகையும் மேட்டுநிலத்துக்குப் போயின. பதிலுக்குத் தானியம் வந்தது. அதைவிட முக்கியம், படுகர் ஊர்களில் விதைப்பைத் தொடங்கிவைக்கக் குறும்பர் வர வேண்டும் என்ற வழக்கம். வயலைத் தீங்கிலிருந்து மந்திரத்தால் காப்பவர் அவர் என்று நம்பினார்கள். காப்பவரால் கெடுக்கவும் முடியும் என்பது அந்த நம்பிக்கையின் மறுபக்கம். ஊரில் மாடு செத்தாலும் குழந்தை செத்தாலும் குறும்பர் மேல் சந்தேகம் போகும். 1835-இல் 48 குறும்பர்கள் கொல்லப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. 1900-இல் ஒரு குடும்பம் முழுவதையும் கொன்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள், சுற்றுவட்டாரம் முழுக்கக் கொன்றவர்கள் பக்கம் நின்றது.

அதனால் குறும்பர் வழிக்கு மதிப்பெண் போடுவது சிக்கல். வயிற்றை மட்டும் பார்த்தால் நால்வரில் பிறர் தயவு குறைவாகத் தேவைப்பட்டவர்கள் இவர்கள்தான். மழை பொய்த்தாலும் தாக்குப்பிடிப்பார்கள். ஆனால் எண்ணிக்கையில் குறைவு, சிதறிய குடியிருப்பு, மலேரியாவுக்குப் பயந்து மற்றவர்கள் எட்டிப்பார்க்காத சரிவு. பசியிலிருந்து காடு காப்பாற்றியது, அண்டை வீட்டாரிடமிருந்து காப்பாற்றவில்லை.

நீலகிரிக்கு மேற்கே, கூடலூர்ப் பக்கத்துக் காட்டுநாயக்கர்களைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1970-களின் இறுதியில் அவர்களோடு தங்கிய மானுடவியலாளர் நூரித் பேர்ட்-டேவிட், காட்டை அவர்கள் பிள்ளைக்குக் கொடுக்கும் தாய்தகப்பனாகப் பார்க்கிறார்கள் என்று எழுதினார். தோட்டத்தில் கூலி கிடைத்தால் போவார்கள், பிடிக்காவிட்டால் கிழங்குக்குப் போவார்கள். கூலியும் அவர்களுக்கு இன்னொரு வகைச் சேகரிப்பு. அதே கூடலூர், வயநாட்டுப் பள்ளத்தாக்கில்தான் இந்த வட்டாரத்தின் அதிக விளைச்சல் தரும் வழியும் இருந்தது: நெல் வயல். அந்த வயல்களில் உழைத்த பணியர் என்ற பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக நிலத்தோடு கட்டப்பட்ட அடிமைகள். மானந்தவாடி அருகே வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஓராண்டுக்கு ஆள் பேசிப் பிடிப்பார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976-இல். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதை மட்டும் வைத்து வழிகளை வரிசைப்படுத்துபவர்கள் இந்த வயலை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

உலை

கோத்தர்களுக்கு மொத்தம் ஏழு ஊர்கள். 1901-இல் 1,267 பேர். இவர்களை எந்தப் பெட்டியில் போடுவது என்று பாடப்புத்தகங்கள் திணறும். கொல்லர், தச்சர், தோல் வேலை செய்பவர்கள், இசைக்காரர்கள் எல்லாம் இவர்களே. பானை வனைவது பெண்கள். இத்தனைக்கும் நடுவே சொந்தமாக வயலும் உழுதார்கள், மாடும் வைத்திருந்தார்கள்.

ஒவ்வொரு படுகர் குடும்பத்துக்கும் இன்ன கோத்தர் குடும்பம் என்று உறவு உண்டு. அது அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும். ஏரின் கொழு தேய்ந்தால், அரிவாள் மழுங்கினால், பானை உடைந்தால் அந்தக் கோத்தரிடம் போக வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் தனியாக விலை பேசுவதில்லை. களத்தில் போரடித்ததும் கோத்தருக்கு உரிய பங்கு வந்துவிடும். படுகர் வீட்டில் சாவு விழுந்தால் கோத்தர் கொம்பும் குழலும் பறையுமாக வர வேண்டும். தோடர் ஈமச்சடங்கில் வெட்டப்படும் எருமையும், தானாகச் செத்த எருமையும் கோத்தருக்குப் போகும். தோடர் தொடாத கறி கோத்தர் சட்டிக்கு வந்ததால், அந்த மலையில் எதுவும் வீணாகவில்லை.

அந்தக் கறிதான் அவர்களுக்கு இழுக்காகவும் ஆனது. செத்த மாட்டைத் தின்பவர்கள் என்று தோடரும் படுகரும் அவர்களைத் தாழ்த்தி வைத்தார்கள். அரிவாள் அவர்களிடம்தான் வாங்க வேண்டும், கைச்சோறு மட்டும் ஆகாது. நம் சமவெளி ஊர்களில் பார்த்த அதே புத்திதான், மலையேறியும் மாறவில்லை.

நால்வரிடமுமே இல்லாத ஒன்று உண்டு: உப்பு. எருமைக்கும் அது வேண்டும். தண்ணீரில் உப்பைக் கலந்து மந்தைக்குக் காட்டுவதைத் தோடர்கள் ஆண்டில் பலமுறை ஒரு சடங்காகவே செய்தார்கள். அந்த உப்பு சமவெளியிலிருந்துதான் ஏறி வந்தாக வேண்டும். துணியும் அப்படியே. ஆகவே வெள்ளைக்காரன் வரும்வரை மலை தன்பாட்டில் மூடிக்கிடந்தது என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். மைசூர் ஆட்சியாளர்களின் வரியும் வணிகர்களின் பொதிமாடும் அதற்கு முன்பே மேலே எட்டியிருந்தன.

கெட்ட ஆண்டில் யார் தாங்குவார்?

ஒரு வாழ்வழியை நல்ல ஆண்டில் எடை போடுவது வீண். பயிர் பனியில் கருகிய ஆண்டை எடுத்துக்கொள்வோம். படுகர் வீட்டில் குதிரில் இருப்பதை வைத்து ஓராண்டு தள்ளலாம். இரண்டாம் ஆண்டும் பொய்த்தால் கஷ்டம். ஆனால் மழை திரும்பினால் ஒரே பருவத்தில் பழைய நிலை. அவர்களிடம் பங்கு வாங்குபவர்களுக்கு அடி முதல் ஆண்டிலேயே விழும், ஏனென்றால் தன் பிள்ளைக்குப் பத்தாதபோது யாரும் வாரத்தை முழுசாக அளக்க மாட்டார்கள்.

மந்தையில் கொள்ளைநோய் வந்தால் கதை வேறு. பாதி எருமை போய்விட்டால் மீண்டும் சேர்க்க ஆண்டுகள் ஆகும். கிடேரி வளர்ந்து முதல் கன்று போட நான்கு ஆண்டுக்கு மேலாகிறது. மேய்ச்சல்காரரின் சொத்து நடந்து வேறிடம் போகும், அதனால் வறட்சியைத் தாண்டிவிடும். நோய் வந்தால் மொத்தமாகச் சாயும்.

கோத்தருக்கு ஏழெட்டு வாய்க்கால். கொஞ்சம் வயல், கொஞ்சம் மாடு, களத்துப் பங்கு, எருமைக் கறி, சாவு வீட்டு வரும்படி. எதுவும் பெரிதில்லை, ஆனால் எல்லாம் ஒரே ஆண்டில் அடைபடாது. குறும்பருக்குக் காடே குதிர். இந்தத் தேர்வில் நான் முதலிடம் குறும்பருக்கும் கோத்தருக்கும் பிரித்துக் கொடுப்பேன். படுகர் மூன்றாவது. உயர்ந்தவர்களாக நடத்தப்பட்ட தோடர்கள் கடைசி.

ஆனால் இந்த மலைக்கு வந்த பெரிய சோதனை பஞ்சமோ கொள்ளைநோயோ இல்லை. சந்தை.

உருளைக்கிழங்கு வந்தபின்

சல்லிவன் 1820-களிலேயே உதகையில் வீடு கட்டி, ஐரோப்பியக் காய்கறிகளை நட்டுப் பார்த்தார். கோடையில் சென்னை அரசாங்கமே மேலே ஏறிவரத் தொடங்கியதும் காசு புழங்கியது. அந்தக் காசுக்கு யாரிடம் விற்க என்ன இருந்தது என்று பாருங்கள்.

படுகரிடம் நிலமும், அதில் உழைத்துப் பழகிய குடும்பமும் இருந்தன. சாமை போட்ட இடத்தில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் போட்டார்கள். வண்டி ஏறி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போனது. பிள்ளைகள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். தோடரிடம் நெய் இருந்தது, அது விற்கவும் செய்தது. ஆனால் அவர்களின் உண்மையான மூலதனம் புல்வெளி. அதைத்தான் ‘சும்மா கிடக்கும் நிலம்’ என்று கருதி சீகை மரமும் யூகலிப்டஸும் நட்டார்கள். 1840-களில் தொடங்கிய இந்த நடவு, விடுதலைக்குப் பிறகு இன்னும் வேகமானது. பசும்போர்வையாகத் தெரியும் அந்தத் தோப்புகளுக்கு அடியில் எருமை மேய ஒன்றும் முளைக்காது. வயலைப் பறித்தால் பறிப்பு என்று எல்லாருக்கும் புரிகிறது. மேய்ச்சல் நிலத்தில் மரம் நட்டால் அதைப் பசுமை என்று கைதட்டுகிறோம். எனக்கு இதில் இன்றும் ஆறாத கோபம் உண்டு.

கோத்தர் வீழ்ச்சி வேறு மாதிரி. பஜாரில் மண்வெட்டியும் அரிவாளும் காசுக்குக் கிடைத்தன. அதோடு எண்ணிக்கையும் உதைத்தது. 1901 கணக்குப்படி ஒரு கோத்தருக்கு 27 படுகர். அத்தனை பேருக்கு எத்தனை கொழு அடிப்பது, எத்தனை சாவுக்கு வாசிப்பது? 1930-களில் மேண்டல்பாம் போனபோது பழைய கொடுக்கல்வாங்கல் பெரும்பாலும் குலைந்துபோயிருந்தது. படித்த படுகர்கள் சிலர், சாவுக்குக் கோத்தர் மேளமே வேண்டாம், அது கௌரவக் குறைவு என்று கட்சி கட்டினார்கள். பிறர் கொடுக்கும் பங்கை நம்பிய இரண்டு வழிகளில், நிலத்துக்கு உரிமை கொண்டாடியதும் கைத்திறனைக் காட்டியதும் ஒன்றுபோலவே சரிந்தன. கொஞ்சமாவது உழத் தெரிந்திருந்ததால் கோத்தர்கள் தப்பித்தார்கள். அதே உருளைக்கிழங்குக்கு அவர்களும் மாறினார்கள்.

குறும்பருக்கு, வனச்சட்டங்கள் புனத்தை மூடின. காடு ரிசர்வ் ஆனது, எரிப்பது குற்றமானது. காபித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் அதே சரிவுகளில் வந்தன, அங்கேயே கூலிக்குப் போனார்கள். 2006 வன உரிமைச் சட்டம் காகிதத்தில் பெரிய திருப்பம். கைக்கு வந்து சேர்ந்தது அதில் ஒரு பங்குதான்.

அப்படியானால் படுகர் ஜெயித்துவிட்டாரா? ஒரு நூற்றாண்டுக்கு, ஆம். பிறகு 1961-இல் உதகை மண்ணில் உருளைக்கிழங்கைத் தாக்கும் நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. மண்ணில் ஒருமுறை இறங்கினால் ஆண்டுக்கணக்கில் போகாத புழு. அது ஒரு காரணம், கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் வந்தது இன்னொரு காரணம், பலர் தேயிலைக்கு மாறினார்கள். தேயிலை ஒருமுறை நட்டால் வாழ்நாளுக்கும் நிற்கும், பன்றி தின்னாது, பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை காசு. எல்லாம் சரிதான், ஆனால் தின்ன முடியாது. 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது அது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. சாமை விலை விழுந்தால் சாமையைச் சாப்பிடலாம். தேயிலை விலை விழுந்தால் வங்கிக் கடன்தான் மிச்சம். படுகர் ஊர்கள் தெருவுக்கு வந்து போராடின. ஒரு கிலோ இலைக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டும் என்ற அந்தக் கோரிக்கை இன்றைக்கும் ஓயவில்லை.

1800-ஆம் ஆண்டில் அந்த மலையில் பிறக்கிறாய், எந்த வீடு வேண்டும் என்று என்னைக் கேட்டால் கோத்தர் வீடு என்பேன். மற்றவர்கள் மூக்கைச் சுளிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், பல வாய்க்காலில் வரும் சோறு நல்ல சோறு. 1900-இல் என்றால் யோசிக்காமல் படுகர் வீடு, அதுவும் ஆணாக. 2000-இல் என்றால் எந்த வீடானாலும் கேள்வி ஒன்றுதான்: வீட்டில் யாருக்காவது மாதச் சம்பளம் இருக்கிறதா?

ஏனென்றால் இப்போது நால்வரும் ஒரே இடத்தில் வரிசையில் நிற்கிறார்கள். ரேஷன் கடை. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். மிக ஏழைகளுக்கான அந்த்யோதயா அட்டை என்றால் மாதம் 35 கிலோ. தோடர் நிலங்களில் பலவற்றில் குத்தகைக்காரர் கேரட் போடுகிறார், படுகர் தேயிலை பறிக்கிறார், குறும்பர் கூலிக்கும் தேனுக்கும் மாறி மாறிப் போகிறார், எல்லார் உலையிலும் டெல்டாவிலோ ஆந்திராவிலோ விளைந்த நெல்லின் அரிசி. இதைக் கேவலமாகப் பேசுபவர்கள் உண்டு. நான் பேச மாட்டேன். யாருடைய தயவும் இல்லாமல், யாரை உயர்த்தியும் தாழ்த்தியும் வைக்காமல், அட்டையைக் காட்டினால் அளந்து போடும் ஏற்பாடு அந்த மலைக்கு இதற்கு முன் இருந்ததில்லை. குறும்பருக்கும் தோடருக்கும் ஒரே படி. ஆனால் வகை போய்விட்டது. ஏழெட்டுத் தானியமும் பத்துக் கிழங்கும் இருந்த தட்டில் வெள்ளைச் சோறு குவிந்தது, சாமையும் தினையும் வயலை விட்டே போயின.

அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. 2023 மே மாதம் முன்னோட்டமாக இரண்டே மாவட்டங்களில் ரேஷனில் ராகி போட ஆரம்பித்தார்கள். இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி. ஒன்று தர்மபுரி, அது ராகி விளையும் சீமை. மற்றொன்று நீலகிரி. அங்கே ராகி போட்ட நிலத்தில் இப்போது தேயிலையும் கேரட்டும் நிற்பதால், கேழ்வரகு மூட்டை மலைக்குக் கீழேயிருந்து லாரியில் ஏறி வர வேண்டியிருந்தது.